குரலுக்கு எடுத்த மாளிகை

தகடூர் எனப் பழம்பெயர் பூண்ட தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில், திரௌபதியம்மன் திருவிழாவை ஒட்டிப் பாரதக் கூத்து நிகழ்வது நெடுநாளைய வழக்கம். கோயிலின் முன்னுள்ள திடலோ, அறுவடை முடிந்த வயலோ அதற்கு அரங்கமாக அமையும். அவ்வரங்கிற்குக் கூரை இல்லை, சுவரும் இல்லை. ஊரார் மூன்று பக்கமும் பாய் விரித்து அமர்வர். நள்ளிரவில், முடியும் புயக்கட்டையும் அணிந்த கூத்தர் திரையை விலக்கி வெளிவந்து பாடத் தொடங்குவார். இக்காலத்தில் அவருக்கு முன்னே ஒலிபெருக்கி தொங்குகிறது. அது வருவதற்கு முன்னரோ, அவருடைய குரல் ஒன்றே திடலின் கடைக்கோடியில் அமர்ந்திருந்த முதியவளின் செவிவரை சென்று சேரவேண்டியிருந்தது, சேர்ந்தும் வந்தது.

அஃது எங்ஙனம் இயன்றது? திறந்த வெளியில் ஒலி நாற்புறமும் பரவிச் சிதறும். பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே உள்ள தொலைவு இருமடங்கானால், ஒலியின் வன்மை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இக்குறையை வெல்லவே கூத்தர் உச்சத் தொனியில் பாடினர். முகவீணை என்னும் சிறு குழலின் கூரிய ஓசை, மத்தளத்தின் முழக்கத்தையும் கிழித்துக்கொண்டு செல்வது காண்க. கூத்தின் இசையைக் கேட்டு, "ஏன் இவ்வளவு உரக்கப் பாடுகின்றனர்?" என்று நகரத்தார் வினவுவதுண்டு. அடித்தொண்டையில் மென்மையாகப் பாடினால் அத்திடலில் மூன்றாம் வரிசைக்கு அப்பால் ஒரு சொல்லும் கேளாது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இச்சிக்கலை எதிர்கொண்டவர் நம் கூத்தர் மட்டும் அல்லர். ஐரோப்பிய நாட்டினரும் எதிர்கொண்டனர். அவர்கள் குரலை வளர்த்ததோடு அமையாது, குரலுக்கென்றே வீடுகளையும் கட்டினர். அத்தகைய வீட்டிற்கு ஓபரா அரங்கு என்று பெயர். நம் நாட்டிலும் அவ்வாறு எழுந்த அரங்கு ஒன்று மும்பை மாநகரில் நிற்கிறது. அதன் வரலாற்றை அறியுமுன், ஓபரா என்பது யாது என்பதை அறிதல் வேண்டும்.

ஓபரா என்பது உரையாடலும் பாட்டாகவே அமைந்த இசை நாடகம். பண்டைக் கிரேக்க நாடகங்கள் இசையோடு நடிக்கப்பெற்றன என்று கருதிய இத்தாலிய அறிஞர் சிலர், அம்முறைக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றனர். அம்முயற்சியினின்று 1600-ஆம் ஆண்டை ஒட்டி, பிளாரன்ஸ் நகரில் இக்கலை பிறந்தது. தொடக்கத்தில் இது பிரபுக்களின் அரண்மனைக் கூடங்களில் மட்டுமே நிகழ்ந்தது. 1637-இல் வெனிஸ் நகரில் சான் காசியானோ என்னும் அரங்கு திறக்கப்பெற்றது. கட்டணம் செலுத்திய எவரும் உட்சென்று ஓபராவைக் காணலாம் என்ற நிலை அன்றுதான் உண்டாயிற்று.

ஓபராப் பாடகர் நாற்பது ஐம்பது இசைக்கருவிகள் ஒருங்கே முழங்கும்போது, அம்முழக்கத்தைக் கடந்து தம் குரல் கேட்கும்படி பாடுதல் வேண்டும். இதற்கென அவர்கள் பல்லாண்டு பயில்கின்றனர். இப்பயிற்சியின் நுட்பத்தை ஒலியியலார் ஆராய்ந்து கண்டுள்ளனர். பல கருவிகள் சேர்ந்த இசையின் வன்மை, நொடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகள் கொண்ட பகுதியில் மிகுதியாகத் திரண்டிருக்கும். அதற்கு மேலே செல்லச் செல்லக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர், சிறப்பாக ஆண் பாடகர், தொண்டையையும் வாயையும் ஒருவகையாக அமைத்து, நொடிக்கு 3000 அதிர்வுகளை அண்டிய பகுதியில் தம் குரலின் வன்மையைக் குவிக்கின்றனர். கருவிகள் மெலியும் இடத்தில் குரல் ஓங்குகிறது. கூட்டத்தில் வழி காண்பவன் நெரிசல் இல்லாத பக்கமாக நுழைந்து செல்வது போன்றது இது. நம் முகவீணை மத்தளத்திற்கு அகப்படாமல் மேலே ஒலிப்பதும் இவ்வகைப்பட்டதே.

பாடகர் செய்யும் பணி இது. எஞ்சிய பணியைக் கட்டடம் செய்கிறது. திறந்த வெளியில் வீணாகும் ஒலியைச் சுவரும் கூரையும் திருப்பி அனுப்புகின்றன. நேரே வரும் ஒலியை அடுத்து, நொடியில் இருபதில் ஒரு பங்கு காலத்திற்குள் எதிரொலி வந்து சேருமானால், செவி அவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். ஒலி வலுப்பெற்றதாகத் தோன்றும். அதற்கு மிகப் பிந்தி வருமானால், சொல்லோடு சொல் மோதிப் பொருள் குழம்பும். ஆகவே ஓபரா அரங்கு மிகப் பெரிதாகவும் இருத்தல் ஆகாது. வெறுஞ்சுவராகவும் இருத்தல் ஆகாது. சுவரிலும் மாடத்திலும் காணும் பூவேலைப்பாடுகளும் புடைப்புகளும் கண்ணுக்கு விருந்தாக மட்டும் அமைந்தவை அல்ல. அவை ஒலியை ஓரிடத்தில் குவியவிடாது பல திசைகளிலும் பரப்புகின்றன. மேடைக்கு முன்னே தாழ்வான பள்ளம் ஒன்று அமைத்து, கருவியாளரை அதில் இருத்துவர். இதனால் மேடையும் மறைவதில்லை. கருவியொலியும் சற்றே அடங்கும்.

அரங்கினை அளவறிந்து அமைத்தல் தமிழருக்குப் புதிது அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய மேடையின் அளவு கூறப்படுகிறது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாக அம்மேடை அமைந்தது. மேடைக்கும் மேலுள்ள பலகைக்கும் இடையே நான்கு கோல் உயரம் விடப்பட்டது. உள்ளே புகவும் வெளியே செல்லவும் இரு வாயில்கள் இருந்தன. மூவகைத் திரைகள் இருந்தன. தூணின் நிழல் ஆடுவோர்மேல் விழாதபடி விளக்கை நிறுத்தினர் என்னும் செய்தி ஒன்றே போதும், இளங்கோவடிகள் எத்துணை நுணுகி நோக்கினார் என்பதைக் காட்ட. மரத்தாலும் மூங்கிலாலும் ஆகிய அவ்வரங்குகள் காலத்தில் மறைந்தன. அளவு மட்டும் நூலில் நின்றது.

இனி மும்பைக்கு வருவோம். கல்கத்தாவைத் தம் தொழிலுக்கு நடுவிடமாகக் கொண்டு நாடகக் குழுக்களை நடத்திவந்தார் மாரிஸ் பாண்ட்மன் என்பவர். அவர் நியூயார்க்கில் நடிகர் குடும்பம் ஒன்றில் 1872-இல் பிறந்தவர். மேற்கே ஜிப்ரால்டர் முதல் கிழக்கே ஜப்பானின் யோகோஹாமா வரை, கப்பல் செல்லும் துறைமுகங்கள் தோறும் தம் குழுக்களை அனுப்பி நாடகம் நிகழ்த்தினார். நாடகத்தை ஊர்விட்டு ஊர் செல்லும் வணிகமாகவும் வளர்த்தவர் அவர். மும்பையில் நிலையான அரங்கு ஒன்று அமைக்க வேண்டும் என 1908-இல் அவர் எண்ணினார். நிலக்கரித் தரகு வாணிகம் நடத்திய ஜஹாங்கீர் பிராம்ஜி கராகா என்னும் பார்சி செல்வர் அவரோடு கைகோத்தார். கிர்காம் கடற்கரைக்கு அண்மையில், சர்னி ரோடு பகுதியில் பணி தொடங்கிற்று.

1911-ஆம் ஆண்டு டிசம்பரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தில்லி தர்பாருக்கு வரும் வழியில் மும்பையில் இறங்கினார். கட்டடம் அப்போது முற்றுப்பெறவில்லை. எனினும் மன்னர் வரும் வாய்ப்பை நழுவவிட யாருக்கு மனம் வரும்? முற்றுப்பெறாத அரங்கினையே அவர் தொடங்கி வைத்தார். 'ராயல்', அஃதாவது அரசுக்குரிய, என்னும் அடைமொழியோடு ராயல் ஓபரா ஹவுஸ் என அது வழங்கலாயிற்று. 1912-இல் அங்கு நாடகங்கள் நிகழத் தொடங்கின. அழகுப் பணிகள் அதன் பின்னும் சில ஆண்டுகள் நீண்டன.

கட்டடம் பரோக் என்னும் ஐரோப்பியப் பாணியில் அமைந்தது. வளைவுகளும் சுருள்களும் பொன்வண்ணப் பூவேலையும் நிறைந்த பாணி அது. இந்திய வேலைப்பாடுகளும் ஆங்காங்கே இடம்பெற்றுள்ளன. உள்ளே நுழைவோரை முகப்புக் கூடத்தில் தொங்கும் படிகக் கொத்துவிளக்குகள் வரவேற்கும். இவை சசூன் குடும்பத்தாரின் 'சான் சூசி' மாளிகையிலிருந்து வந்தவை. பைகுல்லாவில் இருந்த அம்மாளிகை பிற்காலத்தில் மருத்துவமனை ஆயிற்று. விளக்குகள் நாடகம் காண வந்தோருக்கு ஒளி தந்தன. அரங்கின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், எட்டுக் கூறாகப் பகுத்த குவிமாடம் தோன்றும். கவிஞர்களையும் நாடக ஆசிரியர்களையும் போற்றும் வகையில் அக்கூறுகள் அமைந்தன. மன்னர்களின் உருவங்களை அங்கே தீட்டாது புலவர்க்கு இடம் தந்தமை, அதனை அமைத்தோரின் நல்லறிவைக் காட்டுகிறது.

பார்வையாளர் இருக்கைகள் அடுக்கடுக்காக அமைந்தன. தரைத்தளத்தில் ஒரு பகுதி. அதற்கு மேல் மாடங்கள். செல்வர் தம் குடும்பத்தோடு தனித்தமர்ந்து காண்பதற்குப் 'பாக்ஸ்' எனப்படும் தடுப்பறைகள். குறைந்த கட்டணம் செலுத்தியவர் அமர்வது உச்சியில் உள்ள மாடத்தில். அங்கு அமர்ந்தோரும் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்கும்படி கூரை அமைக்கப்பெற்றது. காட்சிக்கு வேண்டுமானால் செல்வருக்கு முதலிடம் கிடைத்தது. கேள்வியில் அவ்வேற்றுமை இல்லை.

ஓபராவுக்கென எடுத்த இம்மாளிகையில், நிலைபெற்று வளர்ந்தது இத்தாலிய ஓபரா அன்று. அதைக் கேட்போர் தொகை மும்பையில் சிறிது. வெளிநாட்டுக் குழுக்கள் வருவதும் போவதுமாக இருந்தன. மேடையைத் தம்முடையதாக்கிக் கொண்டவர் இந்நாட்டுக் கலைஞரே. 'சங்கீத நாடகம்' எனப்படும் மராத்திய இசை நாடகம் அங்கே அரங்கேறியது. பால கந்தர்வர் எனப் புகழ்பெற்ற நாராயண் ஸ்ரீபாத ராஜஹம்சர் (1888–1967) அங்குப் பாடினார். பெண் வேடம் புனைவதில் அவருக்கு நிகர் இல்லை என்பர். லதா மங்கேஷ்கரின் தந்தையாகிய தீனாநாத் மங்கேஷ்கரும் அம்மேடையை அணிசெய்தார். ஆராய்ந்து நோக்கின் இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பாட்டால் கதை சொல்லும் நாடகமும், ஒலிபெருக்கியை நாடாத பெருங்குரலும் இருவர்க்கும் பொது. வீடு குரலுக்காகக் கட்டப்பட்டது. எம்மொழிக் குரல் என்று அது கேட்கவில்லை.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய இசை நாடகங்கள் ஊர்தோறும் கொட்டகைகளில் நிகழ்ந்தன. செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவும், கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் பாடியதைக் கேட்கத் திரண்ட கூட்டத்திற்கு அளவில்லை. தகரக் கூரையும் கீற்றுத் தட்டியும் உடைய கொட்டகையில், ஒலிபெருக்கியின்றி, கடைசி வரிசை வரை கேட்கும்படி அவர்கள் பாடினர். கிட்டப்பா 1933-இல், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தது தமிழ் மேடைக்கு நேர்ந்த பேரிழப்பு. மும்பையிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் வண்ணத் திரைகளும் மெட்டுகளும் தமிழ் மேடையிலும் பரவியிருந்தன. ஆயினும் தமிழ் இசை நாடகத்திற்குக் கல்லால் கட்டிய குரல்மாளிகை ஒன்று வாய்க்கவில்லை. கொட்டகைகள் பிரிக்கப்பட்டதும் அவற்றின் சுவடும் மறைந்தது.

1931-ஆம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றிற்று. அவ்வாண்டு மார்ச்சு 14-இல், இந்தியாவின் முதல் பேசும்படமாகிய 'ஆலம் ஆரா' வெளிவந்தது. அது திரையிடப்பெற்ற மெஜஸ்டிக் அரங்கும் இதே கிர்காம் பகுதியில்தான் இருந்தது. அக்டோபரில், மும்பையிலேயே எடுக்கப்பட்ட 'காளிதாஸ்' சென்னையில் வெளியாயிற்று. தமிழ் ஒலித்த முதல் பேசும்படம் அதுவே. நடிகர் வாராமலே அவர் குரல் ஊர்தோறும் சென்றது. குரலைப் பெருக்கும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது. அதன்பின் குரலுக்கென்று கட்டிய வீட்டிற்கு வேலை என்ன?

ராயல் ஓபரா ஹவுஸில் முன்னரே அவ்வப்போது திரைப்படங்கள் காட்டப்பட்டதுண்டு. 1935-இல் ஐடியல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனம் அதனைப் பெற்றுத் திரையரங்காக மாற்றியது. அதற்கேற்ப உள்ளமைப்பும் மாறிற்று. கருவியாளர் அமரும் பள்ளம் திரையரங்கிற்குத் தேவையில்லை, எனவே மறைந்தது. பழைய அழகுகள் பல மூடப்பட்டன.

எனினும் நாடகம் அவ்விடத்தை உடனே விட்டு நீங்கவில்லை. 1944-இல் பிருத்விராஜ் கபூர் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ் குழு, ஓபரா ஹவுஸில் பல நாடகங்களை நடித்தது. திரைப்படத்தால் பெரும்புகழ் பெற்ற நடிகர், அப்படத் தொழிலால் ஈட்டிய பொருளை நாடகத்திற்குச் செலவிட்டார். நாடகம் முடிந்ததும் வாயிலில் தலைதாழ்த்தி நின்று, துணிப்பையை ஏந்தி, பொதுநலப் பணிகளுக்காகப் பார்வையாளரிடம் காசு பெறுவது அவர் வழக்கம். சற்று முன்பு மேடையில் முழங்கிய குரல், வாயிலில் ஒரு சொல்லும் பேசாது நின்றது. 1960-ஐ ஒட்டி அவருக்குக் குரல் நலிந்தது, அக்குழுவும் கலைந்தது.

1952-இல் சௌராட்டிரப் பகுதியைச் சார்ந்த கோண்டல் அரசர் விக்ரம்சிங் இக்கட்டடத்தை வாங்கியிருந்தார். திரைப்படங்கள் தொடர்ந்து ஓடின. பின்னர் வீடுதோறும் தொலைக்காட்சியும் வீடியோவும் வந்தன. திரையரங்கிற்கு வருவோர் குறைந்தனர். வரவு செலவு ஒத்துவரவில்லை. 1993-இல் கதவுகள் அடைக்கப்பட்டன.

அடைபட்ட கட்டடம் மழைக்காலந்தோறும் நைந்தது. மும்பையின் கடற்காற்றும் பெருமழையும் கல்லையும் மரத்தையும் ஒருங்கே அரிக்க வல்லவை. மாடங்கள் வலுவிழந்தன, மேற்கூரை ஒழுகியது, செடிகள் சுவரில் வேர்விட்டன. ஆயினும் அதன் பெயர் மட்டும் அழியவில்லை. அக்கட்டடத்தைச் சூழ்ந்த பகுதி முழுமையும் 'ஓபரா ஹவுஸ்' என்றே வழங்கிற்று. வைர வணிகர் திரளும் அவ்வட்டாரத்திற்கு நாள்தோறும் வந்து சென்றவருள் பலர், அப்பெயருக்குரிய கட்டடத்தின் உட்புறத்தைக் கண்டதே இல்லை. அந்நிலத்தின் விலையை எண்ணிப் பார்த்தால், இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பாமல் உரிமையாளர் காத்தமை போற்றத்தக்கதே ஆகும்.

2012-இல், உலகில் அழியும் நிலையில் உள்ள நினைவுச் சின்னங்களுக்காக உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிடும் கண்காணிப்புப் பட்டியலில் இவ்வரங்கும் இடம்பெற்றது. புதுப்பிக்கும் பொறுப்பை ஆபா நாராயண் லாம்பா என்னும் கட்டடக் கலைஞர் ஏற்றிருந்தார். பணி ஓராண்டு ஈராண்டில் முடிவதாக இல்லை. முதலில் கட்டடம் விழாதபடி அதனை வலுப்படுத்தவேண்டியிருந்தது. அதன் பின்னரே அழகுபடுத்தும் வேலை. பழைய நிழற்படங்களைத் தேடி எடுத்து, முன்பு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே மாடங்களையும் தடுப்பறைகளையும் மீண்டும் அமைத்தனர். திரையரங்கிற்காகச் சேர்த்தவற்றை நீக்கினர். பள்ளமும் மேடைக்கு முன்னே மீண்டும் தோன்றியது. எண்பது ஆண்டுகளாக மறைந்து கிடந்த அப்பள்ளத்தைத் திருப்பித் தந்ததில்தான், அரங்கினை எதற்காகக் கட்டினர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தமை புலனாகிறது. கட்டடத்திற்கு வண்ணம் பூசுவது எளிது. அதன் தொழிலை அதற்கு மீட்டுத் தருவது அரிது.

இருபத்து மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்த கதவுகள் 2016 அக்டோபரில் திறந்தன. அம்மாதம் மும்பைத் திரைப்பட விழாவின் தொடக்க நிகழ்ச்சி அங்கு நடைபெற்றது. மும்பையில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஓபராப் பாடகியாகிய பெட்ரீஷியா ரோசாரியோ அம்மேடையில் பாடினார். மறு ஆண்டு, மரபுச் சின்னங்களைப் பாதுகாத்தற்கென யுனெஸ்கோ ஆசிய பசிபிக் பகுதிக்கு வழங்கும் சிறப்பு விருதும் இவ்வரங்கிற்குக் கிடைத்தது. இந்தியாவில் இன்று எஞ்சியுள்ள ஓபரா அரங்கு இஃது ஒன்றே என்பர்.

இப்போது அங்குள்ள இருக்கைகள் 575. பெருநகர் ஒன்றின் அரங்கிற்கு இது குறைவு என்று தோன்றலாம். ஒலிபெருக்கியின் துணையின்றி ஒரு மனிதக் குரல் தெளிவாகச் சென்று சேர்வதற்கு இவ்வளவே ஏற்றது. இசையரங்குகளும் நாடகங்களும் அங்கே நிகழ்கின்றன. சர்னி ரோடு தொடர்வண்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே செல்லும் தொலைவு. நிகழ்ச்சிக்குச் செல்வோர் இடம் கிடைத்தால் உச்சி மாடத்தில் அமர்ந்து கேட்பது நன்று. முதல் நாளிலிருந்து அக்கூரை யாருக்காக அமைக்கப்பட்டதோ, அவர்கள் அமர்ந்த இடம் அது.